தனியுரிமையா, அகவுரிமையா?

"தனியுரிமை இயங்குதளங்களைத் தவிர்ப்போம், தனியுரிமையைக் காப்போம்." மதுரையில் நடந்த ஒரு லினக்ஸ் பயிற்சியில் கொடுத்த துண்டறிக்கையின் முதல் வரி இது. முதல் தனியுரிமை கம்பெனிக்காரனுடையது, ஆங்கிலத்தில் புரொப்ரைட்டரி. இரண்டாவது நம்முடையது, பிரைவசி. எழுதியவருக்கு அது தெரியும், படிக்கிறவருக்கு? டவுன் ஹால் ரோடு பக்கம் லேப்டாப் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "லைசென்ஸ் இல்லாம விண்டோஸ் போடக்கூடாதுங்கிறாங்களாண்ணே?" என்றார். உரிமம் என்றால் லைசென்ஸ் என்று படித்து வைத்திருக்கிறார், உரிமையையும் அப்படியே எடுத்துக்கொண்டார், அவர் மேல் தப்பே இல்லை.

பிரைவசியின் வேர் லத்தீனில் 'பிரிவாட்டஸ்': பொதுக் காரியத்தில் இல்லாமல் விலகி நிற்பவர். 1890இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு அமெரிக்க வழக்கறிஞர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, 'என்னை என் பாட்டுக்கு விடு' என்று கேட்கும் உரிமையாக அது சட்டத்துக்குள் வந்தது. வேர்க்கதை அவ்வளவுதான்.

சிக்கல் தமிழில்தான். தனியுரிமை என்று பிரித்துப் பார்த்தால் ஒருவருக்கு மட்டுமே உள்ள உரிமை, அதாவது ஏகபோகம். மூலநிரலை (சோர்ஸ் கோட்) பூட்டி வைத்து விற்கும் மென்பொருளைத் தனியுரிம மென்பொருள் என்பது அந்தப் பொருளில் சரியே. அதே சொல்லின் கடைசி 'ம'வை 'மை' ஆக்கி, நேரெதிரான இன்னொரு பொருளையும் ஏற்றி, கூகுள் முதல் எல்லோரும் 'தனியுரிமைக் கொள்கை' என்று போட்டுவிட்டார்கள். ஒரே துறையில், ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்போது வாசகன் என்ன செய்வான்?

மற்ற சொற்களும் தேறவில்லை. தனிமை என்றால் துணையில்லாத சோகம். அந்தரங்கம் வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. வாரப் பத்திரிகை டாக்டர் பதில்கள் அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டன, ஆதார் எண்ணை அந்தரங்கம் என்றால் சிரிப்பார்கள். மறைவுரிமை என்று ஒருவர் சொன்னார். அது சாகும் உரிமை போலல்லவா இருக்கிறது!

நாளிதழ்களின் 'தனிநபர் ரகசியம்' எல்லாவற்றிலும் மோசம். ரகசியம் என்று சொன்ன உடனே, 'மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?' என்ற கேள்வி கூடவே வந்துவிடும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆம் பிரிவின் கீழ், எந்தக் கணினியில் உள்ளதையும் இடைமறிக்கவும் பார்க்கவும் 10 அமைப்புகளுக்கு அதிகாரம் தந்து 2018 டிசம்பரில் உள்துறை ஆணை போட்டது. அதை எதிர்த்துப் பேசப் போகிறவன் வாயில் 'ரகசியம்' என்ற சொல்லைக் கொடுத்தால் பாதி வழக்கு அங்கேயே தோற்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமை என்றது ரகசியத்தை அல்ல.

நான் எழுதுவது அகவுரிமை. அகம் வீடு, மனம், பிறர் நுழையக் கூடாத வாழ்க்கை. அதற்கு எதிரே புறம், ஊரறிந்தது. பிரிவாட்டஸ் பிரித்ததும் இதைத்தானே. இன்னும் ஒன்று உண்டு. அகத்திணையில் 'சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பிய விதி: யாரென்று பெயர் சொல்லக் கூடாது. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் பாண்டியன் பெயர் எங்கும் இல்லை. ஆனால் 'வேம்பு தலை யாத்த' வேல் ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ ஆயிற்றே, ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று சொல்லி உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பாட்டையே அகத்திலிருந்து எடுத்துப் புறத்தில் வைத்தார். பாடிய நக்கீரர் மதுரைக் கணக்காயனார் மகன், நம்மூர்க்காரர்.

இன்றைய மீதரவு (மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய தரவு) விவகாரம் அப்படியே இதுதான். பேசியது பதிவாகாவிட்டாலும் யார் யாரை எப்போது அழைத்தார் என்பது போதும், ஆள் தெரிந்துவிடும். விண்டோஸ் 11இல் கண்டறிதல் தரவு, அதாவது கணினி எப்படி ஓடுகிறது என்ற விவரம், மைக்ரோசாப்டுக்குப் போவதைக் குறைக்கலாம், வீட்டுப் பதிப்பில் முழுதாக நிறுத்த வழியில்லை. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்ற பிறகு பழைய லேப்டாப்பில் மின்ட், டெபியன் என்று ஏதாவது ஒரு லினக்ஸைப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இந்த அகவுரிமையை. கம்பெனியுடையதை உடைமை மென்பொருள் என்றால் அந்தத் தம்பிக்கும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு வழக்கும் பாக்கி. ஐசியு நோயாளிக்கும் கண்காணிப்பு, தேர்வு ஹாலுக்கும் கண்காணிப்பு, போன் ஒட்டுக்கேட்டாலும் கண்காணிப்பு. நர்ஸ் பார்ப்பதற்கும் உளவுத்துறை பார்ப்பதற்கும் ஒரே சொல் என்றால், 69ஆம் பிரிவு ஏதோ நம் நலனுக்கு வந்தது மாதிரி ஆகிவிடுகிறது. வேவு என்று நல்ல சொல் கிடக்கிறது. செய்தி எழுதுகிறவர்கள் அதை எடுத்துப் போட ஏன் தயங்குகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.