அமிலத்தில் ஊறிய இருட்டு

ஜியோவானி பத்திஸ்தா பிரானேசி (1720–1778) தன் படங்களில் 'வெனிஸ் கட்டடக் கலைஞர்' என்று கையெழுத்திடுவார். அப்படி என்ன கட்டினார்? ரோமில் அவெந்தீன் குன்றின் மேல் ஒரு சின்ன தேவாலயம். அதுவும் பழையதைப் புதுப்பித்ததுதான். மற்றதையெல்லாம் அவர் செப்புத் தகட்டில்தான் கட்டினார்.

அவர் கையாண்டது எச்சிங், அதாவது தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடும் முறை. இதில் ஊசி செம்பைக் கீறுவதில்லை. மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த மெல்லிய பூச்சைத் தகட்டில் பூசி, புகை காட்டிக் கறுப்பாக்குவார்கள். அதன் மேல் ஊசியால் வரைந்தால் பூச்சு மட்டும் விலகி, கோடு கோடாகச் செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால், தெரிகிற செம்பை மட்டும் அது அரிக்கும்.

சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எடுத்தால் முடி போன்ற கோடு. தொலைவில் தெரியவேண்டிய வளைவுகளுக்கு அது போதும். அவற்றை வார்னிஷால் மூடிவிட்டு, தகட்டை மறுபடி அமிலத்தில் இறக்குவார்கள். கண்ணுக்கு அருகில் நிற்கும் தூணோ கடைசிவரை ஊறும். பள்ளம் ஆழமானால் நிறைய மை பிடிக்கும். ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தும்போது அங்கே கறுப்பு அப்பும். படம் இடவலம் மாறி விழும் என்பதால், எழுத்தையெல்லாம் தகட்டில் திருப்பி எழுதவேண்டும்.

1750 வாக்கில் பிரானேசி 14 கற்பனைச் சிறைச்சாலைகளை இப்படி வரைந்தார். கை போன போக்கில் போட்ட கோடுகள், நிறைய வெளிச்சம். 1761-இல் அதே தகடுகளை மறுபடி எடுத்தார். செம்பில் ஒரு கோட்டை அழிக்க, சுரண்டித் தேய்த்து மாளாது, சேர்ப்பது சுலபம். அவரும் சேர்த்துக்கொண்டே போனார்: பாலங்கள், சங்கிலிகள், படிக்கட்டுக்கு மேல் படிக்கட்டு. புதிதாக 2 தகடுகளும் சேர்ந்து 16 ஆயின. ஏழாவது படத்தில் பிரம்மாண்டமான தூணைச் சுற்றிச் சுருள்படி ஏறுகிறது, மனிதர்கள் எறும்பளவு. எனக்கு இந்த இருட்டுப் பதிப்புதான் பிடிக்கும்.

பிற்கால எழுத்தாளர்களையும் அந்தப் படிகள் விடவில்லை. 1821-இல் ஆங்கிலேயரான தாமஸ் டி குவின்சி, தன் அபின் கனவுகளைப் பற்றி எழுதும்போது இந்தப் படங்களை வர்ணித்தார்: பிரானேசியே படியேறுகிறார், படி அறுந்து நிற்கிறது, நிமிர்ந்து பார்த்தால் இன்னும் உயரத்தில் மறுபடி அவரே ஏறிக்கொண்டிருக்கிறார். டி குவின்சி படங்களைப் பார்த்ததே இல்லை. கவிஞர் கோல்ரிட்ஜ் வாயால் சொல்லக் கேட்டதோடு சரி. அந்த 16 தகடுகளில் எதிலும் அப்படி ஒரு காட்சி கிடையாது.