கொசுவுக்கு எதற்குத் திசையன்?

‘ஒருங்கிணைந்த திசையன் மேலாண்மை.’ டெங்கு, மலேரியா பற்றிய தமிழாக்கங்களில் இந்தத் தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் ‘இன்டெக்ரேட்டட் வெக்டர் மேனேஜ்மென்ட்’ என்பதன் மொழிபெயர்ப்பு. திசையன் கணக்குப் பாடத்துச் சொல். அளவும் திசையும் உடையதைக் குறிப்பது. கொசுவுக்கும் திசை உண்டுதான், நம் கணுக்காலை நோக்கி. அதற்காக அதைத் திசையன் என்பதா?

வெக்டர் என்ற லத்தீன் சொல்லுக்குச் ‘சுமந்து செல்பவர்’ என்று பொருள். கணக்கு அதைத் தன் வழிக்கு எடுத்துக்கொண்டது, மருத்துவம் தன் வழிக்கு. மருத்துவத்தில், ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு நோய்க்கிருமியைச் சுமந்து போகும் உயிரி. அவ்வளவுதான்.

திசையனைச் சிரித்துவிட்டுத் தள்ளிவிடலாம். எனக்கு உண்மையான சண்டை, வெக்டருக்குச் சிலர் எழுதும் ‘நோய் பரப்பும் பூச்சிகள்’ என்பதோடுதான். எளிமையாக இருக்கிறது, எல்லாருக்கும் புரிகிறது, ஆனால் தப்பு. உண்ணி பூச்சியினம் இல்லை. எட்டுக் கால், சிலந்தியின் உறவு. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைக் கொண்டுவரும் ‘மைட்’ என்ற சிற்றுண்ணியும் அப்படியே. நத்தைக் காய்ச்சலில் புழுவை வளர்த்து நீரில் விடும் நன்னீர் நத்தையையும் உலகச் சுகாதார நிறுவனம் வெக்டர் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. தலைப்பில் ‘பூச்சி’ என்று எழுதிவிட்டால் திட்டம் போடுகிறவரின் கை தானாகப் புகையடிக்கும் இயந்திரத்துக்குப் போகும். நத்தைக்குப் புகையடித்து என்ன பயன்?

அதே போல ‘பரப்பும்’. இருமுகிற மனிதரும்தான் நோயைப் பரப்புகிறார். சரி, ‘கடத்தி’? தமிழ்நாட்டில் அதுவும் புழங்குகிறது. ஆனால் செம்புக் கம்பியும் கடத்தி. இந்த முனையில் நுழைந்தது அந்த முனையில் அப்படியே வெளிவரும். மலேரியா கொசுவுக்குள் நடப்பது அதுவா? ஒட்டுண்ணி கொசுவின் குடல் சுவரில் தங்கிப் பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரப் பத்து நாளுக்கு மேலாகும். அதுவரை கொசு அதைச் சுமந்து திரிகிறது. அந்த நாட்களைத் தாண்டி வாழும் கொசுதான் ஆபத்து. அதனால்தான் கொசுவின் ஆயுளைக் குறைப்பதே மருந்திட்ட வலையின் பெரிய பலன்.

இலங்கைத் தமிழர் ‘நோய்க்காவி’ என்கிறார்கள். காவுதல் என்றால் சுமத்தல். காவடியில் இருக்கும் அதே கா. லத்தீன் மூலத்துக்கும் இதைவிட நெருக்கமான சொல் இல்லை. காவி என்றதும் துணியின் நிறம் நினைவுக்கு வருகிறதே என்பார்கள். ‘நோய்’ முன்னால் நிற்கும்போது யாருக்கு அந்தக் குழப்பம் வரும்?

அப்புறம், ‘மேலாண்மை’ என்பதற்குப் பதிலாகச் சிலர் எழுதும் ‘ஒழிப்பு’. 1955-இல் மலேரியாவை ஒழித்தே விடுவது என்று உலகச் சுகாதார நிறுவனம் இறங்கியது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தாங்கும் கொசுக்கள் பெருகின. பணமும் ஆளும் போதவில்லை. 1969-இல் அந்தப் பாதையை மாற்றிக்கொண்டார்கள். 2004-இல் வந்த ஒருங்கிணைத்த மேலாண்மைக் கொள்கை வேறு வகை. எந்தக் காவி, எங்கே முட்டையிடுகிறது, எப்போது கடிக்கிறது என்று முதலில் பார்த்து, இருக்கிற பணத்தையும் ஆளையும் அதற்கேற்பப் பிரிப்பது. மலேரியா கொசுவான அனாஃபிலிஸ் இரவில் கடிக்கும், வலை உதவும். டெங்கு கொசுவான ஏடிஸ் பகலில் கடிக்கும், அதற்கு அது முட்டையிடும் தண்ணீர்த் தொட்டியைத்தான் கவனிக்க வேண்டும். இதைப் போய் ‘ஒழிப்பு’ என்று மொழிபெயர்த்தால் பழைய கனவையே மறுபடி விற்பதாகும்.

ஆக, ‘ஒருங்கிணைத்த நோய்க்காவி மேலாண்மை’. ‘ஒருங்கிணைந்த’ அல்ல, வலையும் மருந்தும் குப்பை அகற்றலும் தாமாக ஒன்றுசேர்வதில்லை, யாராவது சேர்க்க வேண்டும். ஒரு த், ந் விஷயம்தானே என்று மொழிபெயர்ப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள்.

அவர்கள் விடுவது அது மட்டும் இல்லை. ‘கூத்தாடி’ என்று தண்ணீரில் நெளிகிற கொசுப்புழுவுக்கு அருமையான பெயர் இருக்க, ‘முதிர்வுறா நிலை உயிரி’ என்று எழுதுகிறார்கள். ‘தேங்கிய நீரை அகற்றவும்’ என்று முடித்துவிடுகிறார்கள். ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில். நீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டியபடியே மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லும் வரி ஆங்கில மூலத்தில் இருக்கிறது, தமிழில்தான் காணோம்.