நெகடிவ் ஏன் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது?

சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அம்மா அப்பா கல்யாண ஆல்பத்தில் பிரிண்ட் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்லவேளை, நெகடிவ் தனியாக ஒரு கவரில் இருந்தது. டேப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்து, அதன்மேல் நெகடிவைப் போட்டு, போனில் படம் எடுத்தேன். செயலியில் நிறத்தைத் தலைகீழாக்கினால் எல்லோர் முகத்திலும் நீலம் பூசியதுபோல் இருக்கிறது. தாத்தா காலத்துக் கருப்பு வெள்ளை நெகடிவ் மட்டும் சரியாக வருகிறது. கலர் நெகடிவ் கெட்டுப்போய்விட்டதா?”

கெடவில்லை. கலர் நெகடிவின் ஆரஞ்சு நிறம் காலப்போக்கில் படிந்த பழுப்போ கறையோ இல்லை. பிலிமைத் தயாரிக்கும்போதே வேண்டுமென்று உள்ளே வைத்தது. வேதியியலில் எனக்குத் தெரிந்த மிக அழகான யோசனைகளில் அதுவும் ஒன்று. அது புரிந்துவிட்டால் நீல முகத்தைச் சரிசெய்யும் வழியும் கூடவே புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை. கலர் பிலிமில் மூன்று படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஜெலட்டினில் வெள்ளி ஹாலைடு துகள்களைக் கலந்து பூசியவை அவை. மேலே உள்ளது நீல ஒளியையும், நடுவில் உள்ளது பச்சையையும், அடியில் உள்ளது சிவப்பையும் பதிவு செய்கிறது. பிலிமைக் கழுவும்போது, ஒளி பட்ட துகள்களை ‘டெவலப்பர்’ என்ற கழுவும் ரசாயனம் வெள்ளியாக மாற்றும். அந்த வேலையில் அதுவும் ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படி மாறிய டெவலப்பர், பக்கத்தில் காத்திருக்கும் ‘கப்ளர்’ என்ற மூலக்கூறோடு சேர்ந்து சாயமாகிறது. இந்த வழிக்கு ஜெர்மானிய வேதியியலாளர் ருடால்ஃப் ஃபிஷர் 1912-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். நீலப் படலத்தில் மஞ்சள் சாயம், பச்சைப் படலத்தில் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சிவப்புப் படலத்தில் சயான் (பச்சை கலந்த நீலம்) உருவாகும். கடைசியில் வெள்ளியை முழுவதும் கரைத்து வெளியே எடுத்துவிடுவார்கள். ஆகவே, கழுவி முடித்த கலர் நெகடிவில் துளி வெள்ளிகூட இல்லை, வெறும் சாயம்தான். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

சிக்கல் சாயங்களில்தான் ஆரம்பிக்கிறது. மெஜந்தா சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்கவேண்டும், நீலத்தையும் சிவப்பையும் தொடாமல் விடவேண்டும். பள்ளிப் புத்தகத்து வண்ணச் சக்கரத்தில் அது அப்படித்தான் நடக்கும். உண்மையான மூலக்கூறுகள் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. மெஜந்தா கொஞ்சம் நீலத்தையும் சேர்த்து விழுங்கும். சயான் சிவப்பைத் தடுப்பதோடு நிற்காமல் பச்சையிலும் நீலத்திலும் கை வைக்கும். மஞ்சள் மட்டும் ஓரளவு சுத்தம்.

இதனால் என்ன ஆகும்? கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழைமரத்தை எடுத்துக்கொள்வோம். பச்சை ஒளி பட்ட இடத்தில் நெகடிவில் மெஜந்தா சாயம் உருவாகிறது. பிரிண்ட் போடும்போது அது ‘இங்கே பச்சை இருந்தது’ என்று மட்டும் காகிதத்துக்குச் சொல்லவேண்டும். நீலத்தையும் சற்றுத் தடுப்பதால் ‘கொஞ்சம் நீலமும் இருந்தது’ என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பிரிண்டில் வாழை இலை நீலம் பாய்ந்து வரும். சயானின் தவறு வேறு மாதிரி. மணப்பெண்ணின் சிவப்புப் பட்டு இருந்த இடத்தில், இல்லாத பச்சையையும் நீலத்தையும் இருந்ததாகச் சொல்லும். பட்டு வெளிறிப்போகும்.

சுத்தமான சாயத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு வழி. அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தில் இருந்த வெஸ்லி ஹான்சன் 1940-களில் வேறு வழியில் யோசித்தார். தவறை நீக்க முடியாவிட்டால், அதைப் பிலிம் முழுக்க ஒரே அளவாக்கிவிடலாம் அல்லவா? எல்லா இடத்திலும் சமமாக இருக்கும் தவறு படத்தைக் கெடுக்காது. மொத்தமாக ஒரு வண்ணக் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிடும். பிரிண்ட் போடும்போது விளக்கைச் சரிசெய்து அதை ஈடுகட்டிவிடலாம்.

அதை எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சாதாரணக் கப்ளருக்கு நிறம் கிடையாது. ஹான்சன் மெஜந்தாவைத் தரும் கப்ளரையே மஞ்சள் நிறமாக வைத்தார். மஞ்சள் நீலத்தைத் தடுக்கும். ஒளி படாத இடத்தில் கப்ளர் எதனோடும் சேராமல் மஞ்சளாகவே கிடக்கும். அங்கே நீலத்தைத் தடுப்பது அந்த மஞ்சள். ஒளி நன்றாகப் பட்ட இடத்தில் கப்ளர் மெஜந்தா சாயமாக மாறும்போது மஞ்சள் நிறம் அழிந்துபோகும். அங்கே நீலத்தைத் தடுப்பது மெஜந்தாவின் அந்தக் கெட்ட குணம். பாதி ஒளி பட்ட இடத்தில் பாதி இது, பாதி அது. இரண்டின் அளவையும் சரியாகப் பொருத்திவிட்டால், நீலம் தடுக்கப்படும் அளவு எங்கும் ஒன்றே. சாயம் கூடக்கூட மஞ்சள் அதே கணக்கில் குறைகிறது. யாரும் அளக்கவேண்டாம், கணக்குப் போடவேண்டாம். ஒவ்வொரு புள்ளியிலும் தவறு நடக்கிற அதே வேதிவினை, அதே கணத்தில், அதே அளவில் தன் திருத்தத்தையும் செய்துவிடுகிறது.

சயானைத் தரும் கப்ளருக்கும் இதே வைத்தியம்தான். அது பச்சையையும் நீலத்தையும் தடுக்கிறது என்பதால் கப்ளரைச் சிவந்த நிறமாக வைத்தார்கள். அந்தச் சிவப்பும் முதலில் சொன்ன மஞ்சளும் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் ஆரஞ்சு. அதாவது வினையில் கலந்துகொள்ளாமல் மிச்சம் நின்ற கப்ளர்களின் நிறம் அது. 1942-ல் முதன்முதலாக வந்த கோடாகலர் பிலிமில் இந்த ஆரஞ்சு கிடையாது. ஸ்லைடிலும் கிடையாது, ஏனென்றால் அதைத் திரையில் போட்டு நேராகக் கண்ணால் பார்க்கவேண்டும். நெகடிவை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அது காகிதத்தோடு மட்டும் பேசுவது. காகிதத்தையும் ஆரஞ்சைத் தாண்டிப் பார்க்கும்படியே தயாரித்தார்கள்.

உங்கள் போனுக்கு அது தெரியாது. பிலிமில் இரண்டு படங்களுக்கு நடுவே வெற்று இடைவெளி ஒன்று இருக்கும். அங்கே ஒளி படவே இல்லை என்பதால் பாசிடிவில், அதாவது தலைகீழாக்கிய படத்தில், அது கருப்பாக வரவேண்டும். போன் அந்த இடத்தைச் சிவப்பு 220, பச்சை 130, நீலம் 80 என்று பதிவு செய்கிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். செயலி ஒவ்வொன்றையும் 255-லிருந்து கழிக்கும். கிடைப்பது 35, 125, 175. கருப்புக்குப் பதில் பச்சை கலந்த நீலம். தலைமுடி, மையிட்ட கண், நிழல் என்று கருப்பாக வரவேண்டிய எல்லாவற்றிலும் இந்த நீலம் ஏறிக்கொள்ளும். கருப்பு வெள்ளை நெகடிவில் இடைவெளி ஏறக்குறைய நிறமற்றது, அதனால் உங்கள் தாத்தா தப்பித்தார்.

செய்யவேண்டியது கழித்தல் இல்லை, வகுத்தல். ஒளி ஒரு படலத்தைக் கடக்கும்போது அதன் ஒரு பங்கு மட்டும் வெளியே வரும். அடுத்த படலம் அந்தப் பங்கில் ஒரு பங்கை விடும். எல்லாம் பெருக்கல் கணக்கு. ஆரஞ்சும் அப்படிப் பெருக்கலாகத்தான் படத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய்க் கடையில் காலிப் பாத்திரத்தை முதலில் நிறுத்துக்கொள்வதுபோல, வெற்று இடைவெளியின் மூன்று எண்களையும் முதலில் எடுத்துக்கொண்டு, படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அவற்றால் வகுக்கவேண்டும். தலைகீழாக்குவது அதற்கு அப்புறம். ‘டார்க்டேபிள்’ என்ற இலவச மென்பொருளில் ‘நெகாடாக்டர்’ என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது. பிலிமின் வெற்று இடத்தைக் காட்டினால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். மாற்றிய படம் சோகையாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம். நெகடிவில் வெளிச்ச வேறுபாட்டைச் சுருக்கித்தான் பதிவு செய்திருப்பார்கள், அதை விரித்துக் காட்டுவது காகிதத்தின் வேலை. இப்போது அதை நீங்கள் கான்ட்ராஸ்ட் கூட்டிச் செய்யவேண்டும்.

ஆகவே ஒவ்வொரு துண்டிலும் வெற்று இடைவெளியும் படத்தோடு விழும்படி எடுங்கள். இடைவெளியை வெட்டிவிட்டு எடுத்தால் அளவுகோலையே தூக்கிப் போட்டதாக அர்த்தம். போனில் புரோ மோட் இருந்தால் ‘ரா’ கோப்பாக, அதாவது போன் மெருகேற்றாத மூலப் பதிவாக, எடுங்கள். சாதாரண ஜேபெக்கில் போன் ஒவ்வொரு படத்துக்கும் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் பூட்டிவிட்டு ரோல் முழுவதையும் ஒரே அமைப்பில் எடுப்பது நல்லது. நெகடிவை டேப்லெட் திரைமேல் நேராக வைத்தால் திரையின் பிக்சல் கட்டங்களும் படத்தில் விழும். நடுவில் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றைக் கொடுத்து, பிலிமை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் ஓரத்தில் உள்ள எழுத்து நேராகத் தெரியும். அந்தப் பக்கம் உங்களை நோக்கி இருந்தால் இடம் வலம் மாறாது. ஸ்கேனர் வாங்குவதாக இருந்தால் இதையும் கணக்கில் கொள்ளுங்கள்: 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 24 × 36 மில்லிமீட்டர். அதை 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் சுமார் 77 லட்சம் பிக்சல் கிடைக்கும். வீட்டு ஆல்பத்துக்கு அது தாராளம்.

ஸ்கேனர்களில் சிலவற்றுக்குப் போனில் இல்லாத ஒரு திறமை உண்டு. தூசியையும் கீறலையும் அவை தாமே கண்டுபிடித்து அழித்துவிடும். கலர் சாயங்கள் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை, அது நேராக ஊடுருவிப் போய்விடும். தூசியும் கீறலும் தடுக்கும். அகச்சிவப்பில் தனியாக ஒருமுறை ஸ்கேன் செய்தால் கல்யாணக் கூட்டமே காணாமல் போய், தூசியும் கீறலும் மட்டும் நிற்கும். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு மென்பொருள் உண்மையான படத்தில் அதே இடங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளால் நிரப்பிவிடும். கருப்பு வெள்ளையில் இந்த வித்தை பலிக்காது. அதில் படமே வெள்ளித் துகள்தான், வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும். கலர் நெகடிவில் வெள்ளி மிச்சமில்லை என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

இதே காரணத்துக்காக ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2019 டிசம்பர் 26-ல் கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. கிரகண நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடப்பது மூடநம்பிக்கைதான், அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் பழைய நெகடிவை மடித்துக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை அதைவிட மோசமானது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் குறைந்திருக்கும், கூச்சம் இருக்காது. அகச்சிவப்போ அப்படியே விழித்திரை வரை போகும். விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்டது அப்புறம்தான் தெரியவரும். கருப்பு வெள்ளை நெகடிவையும் நம்பவேண்டாம். சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி மட்டும்தான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. இன்று அது மூடிக்கிடக்கிறது. பிலிம் வேதியியல் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே ஒரு தலைமுறை இருந்தார்கள், அந்த அறிவை யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு செய்தது. மிக நல்ல காரியம். ஆனால் நம் பாட்டி தாத்தா முகங்களைக் காப்பாற்ற லண்டனிலிருந்து பணம் வரவேண்டியிருக்கிறது. மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல பிலிம் ஸ்கேனரும் அதை இயக்கப் பழகிய ஒருவரும் இருந்தால் எத்தனை வீட்டு நெகடிவ்கள் பிழைக்கும்! அதற்கான செலவு அரசுக்கு ஒரு பொருட்டே அல்ல.

நேரமும் நம் பக்கம் இல்லை. 35 மி.மீ. நெகடிவ்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட் மேல் பூசப்பட்டவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிடேட் சிதைந்து அசிடிக் அமிலத்தை வெளியிடும். அதாவது வினிகர். வெளிவந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். இந்த வகை பிலிம் 1948-ல் அறிமுகமாகிப் பத்தாண்டுகளுக்குள் கோடாக்குக்கு முதல் புகார் போனது இந்திய அரசிடமிருந்துதான். நம் வெயிலும் புழுக்கமும் அப்படி.

ஆகவே சேலத்து வாசகி இன்றைக்கே அந்தக் கவரைத் திறந்து முகர்ந்து பார்க்கவேண்டும். புளித்த வாசனை வந்தால் அந்தத் துண்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள், நல்லவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் அமிலம் உள்ளேயே தங்கிவிடும். அதற்குக் காகித உறையே மேல், பீரோவின் அடித்தட்டைவிட வெயில் படாத உலர்ந்த அலமாரி மேல். போனில் எடுத்த மூலக் கோப்பை, தலைகீழாக்காத ஆரஞ்சுப் படமாகவே, ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும்போது அதிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். ஒட்டிக்கொண்ட பிரிண்ட்களைப் பிரிக்க முயலவேண்டாம். ஈரத்தில் ஊறிய ஜெலட்டின் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது, இழுத்தால் முகம் பெயர்ந்து அடுத்த படத்தோடு போய்விடும். நெகடிவ் கையில் இருக்கும்போது அதற்கு அவசரமும் இல்லை.