காரை விற்கப் போகிறீர்களா? புஸ்பாகோம் சோதனை எப்போது தேவை

சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காருக்கு மலேசியாவில், வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமில் வருடாந்திரச் சோதனை கிடையாது. காப்புறுதியைப் புதுப்பித்துச் சாலை வரியைக் கட்டினால் போதும். பத்து வயதுக் காருக்கும் இதே விதிதான். லாரி, பஸ் போன்ற வர்த்தக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். இ-ஹெய்லிங் (கிராப் போன்ற செயலி வழி வாடகைச் சேவை) ஓட்டும் கார் மூன்று வயதைத் தாண்டிவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். என்ஜினை மாற்றினாலும் சோதனை முடித்து ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவைத் திருத்தியாக வேண்டும்.

கோலாலம்பூரில் நம்மவர்கள் பெரும்பாலும் புஸ்பாகோம் வாசலுக்குப் போவது கார் கைமாறும்போதுதான். பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனை. வாங்குபவர் வங்கிக் கடனில் எடுத்தால் பி7 சோதனையும் சேரும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். மைபுஸ்பாகோம் செயலியில் முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

காரின் ஓட்டம் நன்றாக இருந்தும் பி5-இல் பலர் மாட்டுவது எண்களில்தான். என்ஜின் எண்ணும் சேசிஸ் (கார்ச் சட்டகம்) எண்ணும் கிரானில் (கார் பதிவுச் சான்றிதழில்) உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். சேசிஸ் எண் சில கார்களில் பானெட்டுக்குள் பின்சுவரில் இருக்கும். சிலவற்றில் முன்சீட்டுக்கு அடியில், கார்பெட்டைத் தூக்கினால்தான் கண்ணில் படும். முதல் நாளே டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாளோ கிரைண்டரோ வேண்டவே வேண்டாம்: தேய்த்த தடம் தெரிந்தால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும், துருவைவிட அது பெரிய தொல்லை.

அடுத்தது டிண்டட், அதாவது கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிம். முன் கண்ணாடி 70 விழுக்காடு, ஓட்டுநர் வரிசைப் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும். பின்பக்கத்துக்கு 2019 மே முதல் தனியார் கார்களில் கட்டுப்பாடு இல்லை. அலங்கார எழுத்தில் அடித்த நம்பர் பிளேட்டையும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

சோதனையில் தேறினாலும் வேலை முடியவில்லை. பழைய கடன் தீர்ந்து, வங்கியின் உரிமைக் கோரல் பதிவிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். கட்டாத சம்மன்களால் பெயர் கறுப்புப் பட்டியலில் இருந்தால் ஜேபிஜே மாற்றித் தராது. வாங்குபவர் தம் பெயரில் காப்புறுதி எடுத்த பிறகு இருவரும் அடையாள அட்டையோடு ஜேபிஜே முகப்புக்குப் போய்க் கைரேகை வையுங்கள். பெயர் மாறும்வரை வரும் சம்மன் பழைய உரிமையாளர் பெயரில்தான் விழும். ஆகவே அதற்கு முன் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.