நீலிக் கண்ணீர்

மேடையில் யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், மறுநாள் செய்தித்தாளில் ‘முதலைக் கண்ணீர்’ வந்துவிடும். இரையைத் தின்றுகொண்டே முதலை அழும் என்பது ஐரோப்பியரின் பழைய நம்பிக்கை. ஆங்கிலத்தின் வழியே அது நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்டது. பொய்யழுகைக்கு நம் ஊர்ச் சொல் நீலிக் கண்ணீர். ‘நீலிக்குக் கண்ணீர் இமையிலே’ என்று பழமொழியே உண்டு. வேண்டும்போது சட்டென்று வருமாம்.

நீலி என்றால் நீல நிறத்தாள், கரியவள். காளிக்கும் அந்தப் பெயர், அவுரிச் செடிக்கும் அந்தப் பெயர். சொல்லில் வஞ்சகம் ஏறியது பழையனூர்க் கதையால். திருவாலங்காட்டை ஒட்டிய ஊர் அது.

முற்பிறவியில் கணவன் கையால் கொலையுண்டவள் நீலி. அவன் மறுபிறப்பில் வணிகனாகப் பழையனூர்ப் பக்கம் வருகிறான். கையில் மந்திரக் கத்தி இருப்பதால் பேயாகிவிட்ட நீலியால் அண்ட முடியவில்லை. கள்ளிக் கொப்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரார் அவையில் போய் விழுந்து அழுகிறாள்: ‘இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்.’ கீழே இறக்கிவிட்ட குழந்தை ‘அப்பா’ என்று அவனிடமே போகிறது. அப்புறம் அவன் பேச்சை யார் கேட்பார்கள்? ‘கத்தியைக் கொடுத்துவிட்டு இவளோடு தங்கு. உன் உயிர் போனால் எங்கள் உயிரைத் தருகிறோம்’ என்கிறார்கள் எழுபது வேளாளர். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

‘வஞ்சப்படுத்து ஒருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்’ என்று 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பாடிவிட்டார். பெரியபுராணத்தில் சேக்கிழார் நினைவுகூர்வது சொன்ன சொல் காத்தவர்களை. நீலி கொலையுண்டதற்கு யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. மரபுத்தொடரிலும் கண்ணீர் தங்கிவிட்டது, அதற்கு முன் நடந்த கொலை உதிர்ந்துவிட்டது.

சிலப்பதிகாரத்திலும் ஒரு நீலி வருகிறாள். முற்பிறவிக் கோவலன் காட்டிக்கொடுத்ததால் கொல்லப்பட்ட சங்கமனின் மனைவி. பதினான்காம் நாள் மலையேறி உயிர்விடுமுன் அவள் இட்ட சாபம்தான் மதுரையில் கோவலன்மேல் விழுகிறது. நீலி என்ற பெயருக்கும் தீராத பழிக்கும் அப்படியொரு பொருத்தம்! தென்மாவட்ட வில்லுப்பாட்டில் நீலிக்கு நியாயம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. அங்கே அவள் கொலையுண்டது கள்ளிச் செடியடியில், சாட்சியும் கள்ளிதான். பிற்பாடு இடுப்பில் பிள்ளையாக ஏறுவதும் அதுவே. பழி தீர்த்தபின் இசக்கியம்மனாகக் கோயில் கொள்கிறாள். இசக்கி என்பது இயக்கி என்பதன் பேச்சு வடிவம். இயக்கி, யட்சியின் தமிழ் வடிவம்.

ஆக இரண்டு கண்ணீரும் ஒன்றல்ல. முதலைக்கு இரைமேல் பகை கிடையாது, அதன் அழுகையைப் பார்க்க அவையும் தேவையில்லை. நீலி அழுவது ஊர் பார்க்க, தீர்ப்பைத் தன் பக்கம் திருப்ப. பெரியவரின் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு அவர் சாவில் மாரடிக்கிற மகனுக்கு முதலைக் கண்ணீரே போதும். அதே மகன் பஞ்சாயத்தில் தங்கைக்குப் பங்கில்லை என்று சொல்லவைக்க அழுதால், அது நீலிக் கண்ணீர். ஆணுக்குச் சொல்லக் கூடாது என்று ஒன்றுமில்லை.