கரண்ட் வைத்த ஆச்சியும் காயலான் கடையும்

போன வாரம் மறுபரிசோதனைக்கு ஓர் ஆச்சி வந்திருந்தார். வயது அறுபத்தெட்டு, கருப்பை வாய்ப் புற்றுநோய். ஐந்து வாரத்தில் 25 முறை கதிர்வீச்சு, அப்புறம் உள்கதிர்வீச்சு, எல்லாம் முடிந்து கட்டி நன்றாகவே கரைந்திருக்கிறது. ஆனால் முகத்தில் களையே இல்லை. விசாரித்தால், ஒன்றரை மாதமாக மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் தனியாகப் படுக்கிறாராம். தனித் தட்டு, தனி டம்ளர். மூன்று வயதுப் பேரனைக் கண்ணிலேயே காட்டவில்லை. "கரண்ட் வச்ச உடம்பு, புள்ளைக்கு ஆகாதுன்னு சொன்னாங்க டாக்டர்" என்கிறார் மகன். யார் சொன்னது? வாட்ஸப்பில் ஒருவர், தெருவில் ஒருவர், வயிற்றெரிச்சலாக, பக்கத்து ஊர் கிளினிக்கிலும் ஒருவர்.

இது எத்தனையாவது ஆச்சி என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். (நான் டாக்டர் இல்லை. கதிர்வீச்சு எவ்வளவு, எங்கே, எப்படி என்று கணக்குப் போடும் மருத்துவ இயற்பியலாளர். இதைச் சொல்லிச் சொல்லியும் அலுத்துவிட்டது.)

தென் மாவட்டங்களில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அந்தப் பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. இப்போது பெரும்பாலான இடங்களில் இருக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் மிஷினுக்கு அது பொருத்தமும்கூட. சுவிட்சைப் போட்டால் கதிர் வரும், அணைத்தால் நின்றுவிடும். டியூப் லைட்டை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா என்று யாராவது தேடுவார்களா?

மாடியில் வத்தல் காயப்போடுகிறீர்கள். நாள் முழுக்க வெயில் படுகிறது. சாயங்காலம் எடுத்து டப்பாவில் போட்டு மூடுகிறீர்கள். ராத்திரி டப்பாவைத் திறந்தால் உள்ளே இருந்து வெயில் அடிக்கிறதா? வத்தல் காய்ந்திருக்கும், நிறம் மாறியிருக்கும், வெயில் இருக்காது. ஆச்சியின் உடம்பும் அப்படித்தான். கதிர் பட்டது, வேலையைச் செய்தது, போய்விட்டது. உள்கதிர்வீச்சிலும் இதே கதைதான். இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளின் சின்ன மணி கம்பி நுனியில் உள்ளே போய், சில நிமிடம் நின்று, மிஷினுக்கே திரும்பிவிடும். திரும்பியதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் நோயாளியை வெளியே விடுகிறோம்.

ஒட்டுவது வேறு. மிளகாய்ப் பொடி கையில் ஒட்டியிருந்தால் கண்ணைத் தொட்டால் எரியும், பிள்ளையைத் தொட்டால் பிள்ளைக்கும் எரியும். கதிரியக்கப் பொருள் தூளாகவோ திரவமாகவோ உடம்பில் ஒட்டினால், உள்ளே போனால், அப்போது மட்டும்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வரும் என்ற பேச்சுக்கே இடம். ஆச்சியின் மேல் எதுவும் ஒட்டவில்லை. அவர் தட்டில் இல்லை, வியர்வையில் இல்லை, குளித்த தண்ணீரில் இல்லை, பேரனுக்குக் கொடுக்கும் முத்தத்தில் இல்லை. இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

விலக்கு உண்டு. தைராய்டுக்கு அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்தால் அது உள்ளே போகிறது, சில நாள் உடம்பிலிருந்து கதிர் வரும். பாதி குறைய 8 நாள். டிஸ்சார்ஜ் தாளில் எழுதிக் கொடுக்கும் நாட்களுக்குத் தனியாகப் படுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி வையுங்கள், கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். பால் கொடுக்கும் தாய் என்றால் சிகிச்சைக்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் (PET) ஸ்கேன் என்றால் சில மணி நேரம்தான். நாங்கள் எழுதித் தருவதை மீறவும் வேண்டாம், சொந்தமாக நீட்டவும் வேண்டாம்.

சரி, ஆச்சியின் மகனுக்கு வருவோம். எல்லாம் கேட்டுவிட்டு, "கூடங்குளத்துல இருக்கிற அதே சமாச்சாரம்தானே சார் இது? அது ஒருநாள் குண்டு மாதிரி வெடிக்கும்னு சொல்றாங்களே?" என்றார். (டாக்டரிலிருந்து சாருக்கு வந்ததே எனக்கு வெற்றி.)

குண்டு மாதிரி வெடிக்காது. தோண்டி எடுக்கும் யுரேனியத்தில், எளிதில் பிளந்து சக்தி தரும் 235 என்ற வகை 0.7 சதவீதம்தான். கல்பாக்கத்தில் இருக்கும் 220 மெகாவாட் உலைகளில் அதை அப்படியேதான் எரிக்கிறார்கள். கூடங்குளத்தில் கொஞ்சம் செறிவூட்டியது, அதாவது 235இன் பங்கைக் கூட்டியது, 5 சதவீதத்துக்குள். யுரேனியக் குண்டுக்கு 90 சதவீதம் வரை கொண்டுபோக வேண்டும். ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் இருந்த சுமார் 64 கிலோ யுரேனியத்தில் பிளந்தது ஒரு கிலோகூட இல்லை. அதற்கே அந்த 1945ஆம் வருடக் கடைசிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் போனார்கள் என்பது கணக்கு. அப்படிப்பட்ட குண்டுகள் உலகில் இன்றும் பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கம் இருக்கின்றன. பயப்பட வேண்டுமானால் அதற்குப் பயப்படலாம். ஆனால் ஆச்சியைச் சாய்ப்பில் படுக்க வைத்தால் அதில் ஒன்றுகூடக் குறையாது.

உலையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் 1986 ஏப்ரல் 26 அன்று நடந்தது அணுகுண்டு வெடிப்பு அல்ல, நீராவியின் வேகத்தில் உலை வெடித்தது. அதிலிருந்து பறந்த அயோடின்-131 புல்லில் விழுந்தது, மாடு மேய்ந்தது, பாலில் வந்தது, பிள்ளைகள் குடித்தார்கள். பின்னால் ஆயிரக்கணக்கானோருக்குத் தைராய்டு புற்றுநோய். நாங்கள் தைராய்டு நோயைத் தீர்க்கக் கொடுக்கும் அதே அயோடின்-131. எவ்வளவு, யாருக்கு, யார் கையில் என்பதுதான் வித்தியாசம்.

2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது சீனாவில் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கினார்கள். சாதாரண அயோடின் தைராய்டை முன்பே நிரப்பிவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடம் இருக்காது, அதற்குத்தான் பாதுகாப்பு மாத்திரை. அப்படி ஒரு மாத்திரையில் இருக்கும் அயோடினுக்கு உப்பு தின்பதென்றால் கிலோக் கணக்கில் தின்ன வேண்டும். உப்பே முதலில் ஆளைக் கொன்றுவிடும்.

என் தூக்கத்தைக் கெடுப்பது இதெல்லாம் இல்லை, காயலான் கடை. பிரேசிலில் கொய்யானியா என்ற ஊரில், இடம் மாறிப்போன ஒரு தனியார் கதிர்வீச்சுச் சிகிச்சை மையம் பழைய மிஷினைப் பாழடைந்த கட்டடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. 1987 செப்டம்பரில் இரண்டு பேர் அதை உடைத்து, தலைப்பகுதியைப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருட்டில் நீலமாக மின்னும் தூள், சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். கடைக்காரர் அழகாக இருக்கிறதே என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் பிட்டுக் கொடுத்தார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தத் தூள் ஒட்டிய கையோடு சாப்பிட்டாள். வீட்டில் ஒவ்வொருவராக வாந்தி எடுப்பதைப் பார்த்து, 'எல்லாம் இந்தச் சாமானால்தான்' என்று கண்டுபிடித்தவர் கடைக்காரரின் மனைவி. அதைப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப்போய்ச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்தார். அந்தச் சிறுமியும் அவரும் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். 1,12,000 பேரைச் சோதித்ததில் 249 பேரிடம் தூள் இருந்தது. ஒட்டுவது என்று நான் சொன்னது இதைத்தான்.

பிரேசில்தானே என்று விடாதீர்கள். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பல வருடம் சும்மா கிடந்த கருவியை ஏலத்தில் எடுத்து அறுத்தார்கள், உள்ளே கோபால்ட்-60, அதுவும் கதிரியக்கப் பொருள்தான். ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

ஆகவே, பழைய இரும்பு வாங்குகிறவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருண்டை, ஈயப் பெட்டி வந்தால் அறுக்காதீர்கள். ஈயத்துக்கு நல்ல விலை என்று எனக்கும் தெரியும். நடுவில் புள்ளியும் சுற்றி மூன்று இதழும் போட்ட குறி இருந்தால் தொடாதீர்கள், எல்லோரையும் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு 112க்குப் போன் பண்ணுங்கள். 'குறி இல்லையே' என்று துணியவும் வேண்டாம், பெயிண்ட் உரிந்திருக்கும். ஆய்வகமும் ஆஸ்பத்திரியும் நடத்துகிற பெரிய மனிதர்களே, உங்களிடம் கெஞ்ச மாட்டேன். கதிரியக்கப் பொருளை முறைப்படி திருப்பி ஒப்படைப்பது உங்கள் சட்டக் கடமை.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் காயலான் கடையில் போன வருடம் அந்த மூவிதழ்க் குறியைப் பெரிதாக அச்சடித்து ஒட்டிவிட்டு வந்தேன். போன மாதம் எட்டிப் பார்த்தால் அதன் மேல் ஒரு நகைக்கடைக் காலண்டர் தொங்குகிறது. காலண்டரைக் கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.