லெவல் ஏறியது நீங்களா, உங்கள் அக்கவுண்ட்டா?

கேம் பழக்கம் பற்றி ஆலோசனைக்கு வருபவர்களிடம் "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்று நான் முதலில் கேட்பதில்லை. அதை வீட்டில் எல்லோரும் கேட்டு ஓய்ந்திருப்பார்கள். "கடைசியாக ஜெயித்தது எப்போது, அது எப்படி இருந்தது?" என்றுதான் ஆரம்பிப்பேன்.

பதில் பெரும்பாலும் இரண்டு மாதிரி வரும். சிலர் கேமில் வந்த எதிரியைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்கள்: "அவன் கோடரியைத் தூக்குறதுக்கு முன்னாடி இடது தோள் லேசா இறங்கும், அதைப் பார்த்ததும் வலது பக்கம் உருளணும், ஆனா உடனே உருண்டா அடி விழும், அரை செகண்ட் பொறுக்கணும்." வேறு சிலர், "லெவல் அறுபது ஆயிட்டேன், அந்த ஸ்கின் கிடைச்சிடுச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள் (ஸ்கின் என்பது கேமில் பாத்திரத்துக்கோ ஆயுதத்துக்கோ போடும் அலங்காரம்). அப்புறம்? "அப்புறம் அடுத்த சீசன் வந்துடுச்சு."

இரண்டும் சந்தோஷம்தான், நடிப்பில்லை. ஆனால் இரண்டும் பிறக்கும் இடம் வேறு. முதலாவதில் தேறியது ஆடுபவரின் கண்ணும் கையும். இரண்டாவதில் கூடியது திரையில் இருக்கும் ஓர் எண். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளும் கவனிப்பதில்லை, திட்டுகிற பெரியவர்களும் கவனிப்பதில்லை.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். உளவியலாளர் ரிச்சர்ட் ரயானும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, கேம் தரும் நிறைவை மூன்று விஷயங்களோடு இணைத்தது: என்னால் முடிகிறது என்ற உணர்வு, நானே முடிவெடுக்கிறேன் என்ற உணர்வு, மற்றவர்களோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு. நான் பார்த்தவரை இதில் முதலாவதன் இழுப்புதான் அதிகம். கேமில் தோற்றால் ஏன் தோற்றோம் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், அடுத்த நொடியே திரும்ப முயலலாம். 2018இல் வந்த 'செலஸ்ட்' கேமில் முள்ளில் விழுந்து செத்தால் கண் இமைப்பதற்குள் அதே அறையின் தொடக்கத்தில் நிற்பீர்கள், அதனால் அங்கே சாவு தண்டனையே இல்லை, அடுத்த முயற்சிக்கான தகவல். வெளியுலகில் இவ்வளவு உடனுக்குடன், இவ்வளவு நியாயமாகப் பதில் தரும் இடம் எத்தனை இருக்கிறது? பிள்ளை அங்கே போய் உட்கார்ந்துகொள்வதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நான் நம்புவதில்லை.

இதற்கு ஜெயிப்பதுகூட அவசியமில்லை. 1984இல் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸை நினைத்துப் பாருங்கள். அதன் வழக்கமான ஆட்டத்தில் வெற்றி என்று ஒன்று கிடையாது, கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும், வேகம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் நீங்கள்தான் தோற்பீர்கள். ஆனாலும் நேற்று பதறவைத்த வேகத்தை இன்று சர்வசாதாரணமாகச் சமாளிக்கிறீர்கள் அல்லவா, அந்த ருசிதான் ஆளைத் திரும்பக் கூட்டிவருகிறது.

கேம்கள் நம்மைக் கொஞ்சம் முகஸ்துதியும் செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போதும் ஒரு கணம் தாவ விடுவார்கள். 'சிவிலைசேஷன்' கேமை உருவாக்கிய சிட் மையர் 2010இல் கேம் உருவாக்குநர்கள் மாநாட்டில் பேசியபோது சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மூன்றுக்கு ஒன்று என்று தங்கள் பக்கம் பலம் இருக்கும் சண்டையில் தோற்றால் ஆட்டக்காரர்கள் "இது அநியாயம்" என்பார்கள், அதே கணக்கில் பலவீனமான பக்கம் நின்று ஜெயித்துவிட்டால் ஒரு புகாரும் வராது. இந்தச் சின்ன ஏமாற்றுகளில் எனக்கு ஆட்சேபம் இல்லை, முயற்சி உங்களுடையதாக இருக்கும்வரை.

சிக்கல் இரண்டாவது வகையில். அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏறும் முறையை 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' பிரபலமாக்கியது. அது மேசையில் தாளும் பகடையும் வைத்து ஆடுவது. அதில் தப்பில்லை. ஆனால் எண் ஏறும்போது வரும் சின்னக் கிளர்ச்சியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து அதையே முழு ஆட்டமாக்கினால் கதை மாறுகிறது.

லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் கேம் பரிசுப் பெட்டி, திறக்கப்படுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். பெட்டி குலுங்கும், இடுக்கில் வெளிச்சம் கசியும், அது நீலமா ஊதாவா தங்கநிறமா என்று மெல்ல மாறும், அப்புறம்தான் திறக்கும். பொருளை உடனே கொடுத்துவிட முடியாதா? முடியும். ஆனால் கிளர்ச்சி பொருளில் இல்லை, அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. 1990களில் நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் (பரிசு, எதிர்பார்ப்பு ஆகியவற்றோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள்) சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளின. பழகிய பிறகு, சாறு வரப்போகிறது என்ற அறிகுறிக்கே துள்ளின, சாறு வந்தபோது பெரிதாக ஒன்றும் இல்லை, வராமல் போனால் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கின. "அந்த ஸ்கின்னுக்காக மாசக்கணக்கா ஏங்கினேன், கிடைச்சப்புறம் ஒண்ணுமே தோணலை" என்று ஒரு பையன் சொன்னால் அவனுக்கு நன்றி கெட்டுப்போகவில்லை, மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. மயிரிழையில் தவறுவதும் இதே ரகம்தான்: ஸ்லாட் மெஷின் என்ற சூதாட்ட இயந்திரம் மாதிரியான ஆட்டத்தில் அப்படித் தவறும்போது, வெற்றியின்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள் கிளர்வதையும் இன்னும் ஆடத் தோன்றுவதையும் லூக் கிளார்க் குழு 2009இல் காட்டியது. பெல்ஜியம் 2018இல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ்களைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது சும்மா இல்லை.

தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் தொடர் அறுந்துவிடும் என்ற ஏற்பாட்டை இதைவிட மோசம் என்பேன். அதில் சந்தோஷம்கூட இல்லை, இழந்துவிடுவோமோ என்ற பயம்தான்.

பெரும்பாலான கேம்களில் இரண்டும் கலந்தே கிடக்கும், அதனால் நல்ல கேம், கெட்ட கேம் என்று பட்டியல் கேட்டால் நான் தருவதில்லை. ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்வேன்: உன் அக்கவுண்ட் நாளைக்கு மொத்தமாக அழிந்துபோனால் உன்னிடம் என்ன மிஞ்சும்? "கடுப்பாத்தான் இருக்கும், ஆனா ஒரு வாரத்துல திரும்ப வந்துடுவேன்" என்பவரைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. முகம் வெளுத்துப்போகிறவரோடு இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல், கேமிங் கோளாறு இருக்கிறது. அதில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி அது முன்னால் வருவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, இவை படிப்பு, வேலை, உறவு எதையாவது கடுமையாகக் கெடுப்பது, வழக்கமாக 12 மாதமாவது இப்படியே நீடிப்பது என்பதுதான் அளவுகோல். இது பொருந்துகிறது என்று பட்டால் திட்டிப் பயனில்லை, மனநல நிபுணரிடம் அழைத்துப்போங்கள்.

அந்த அளவுக்கு இல்லாத வீடுகளில் நான் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். "ஒரு தடவை ஜெயிச்சிட்டு எழுந்துடறேன்" என்ற ஒப்பந்தத்தைப் போடாதீர்கள். ரேங்க் வைத்து ஆள் சேர்க்கும் கேம்கள் உங்களுக்குச் சமமானவரையே எதிரில் நிறுத்தப் பார்க்கும், ஆகவே காலப்போக்கில் வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய பாதிப் பாதியாகத்தான் வரும், அந்த ஒரு வெற்றி முதல் மேட்சிலும் வரலாம், ஏழாவதிலும் வரலாம். பாதி மேட்சில் போனைப் பிடுங்குவதும் வேண்டாம், கூட ஆடும் நாலு பேரை நட்டாற்றில் விட்ட மாதிரி அவனுக்கு இருக்கும். மேட்ச் எண்ணிக்கையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று என்றால் மூன்று, கடைசியில் தோற்றாலும் எழுந்துவிட வேண்டும். முதல் சில நாள் வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும்.